பட்டறைக்குள் சென்சார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. சின்னக் கம்பெனிகளுக்கு இந்த 'ஸ்மார்ட்' சமாச்சாரமெல்லாம் தேவையா, எவ்வளவு தேவை, செலவு யார் தலையில் விழும் என்று. மதுரை சுற்றுவட்டாரத்தில் இருந்து வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊரோடு நிறுத்திவிட்டேன்.

கப்பலூர் சிட்கோவில் கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடுகிற கடைசல் மெஷின் (சிஎன்சி) ஆறு, அதே மாதிரி மில்லிங் மெஷின் (விஎம்சி) இரண்டு வைத்து வண்டி பாகங்கள் கடைகிறோம். ஆர்டர் தருகிற கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம் "இண்டஸ்ட்ரி 4.0க்கு என்ன செய்திருக்கிறீர்கள்" என்கிறார்கள். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி எல்லா மெஷினையும் இணைத்து, சுவரில் பெரிய டிவி மாட்டி, என் செல்போனிலும் தெரிகிற மாதிரி செய்துதர ஆறு லட்சம் கேட்கிறது. வருடச் சந்தா தனி. வாங்கலாமா ஐயா?

இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கம்பெனி மோசம் என்று சொல்ல வரவில்லை, நீங்கள் இன்னும் வாங்குகிற இடத்துக்கு வரவில்லை.

முதலில் ஆடிட் கேள்வி. மெஷின்களைக் கம்ப்யூட்டரோடும் நெட்டோடும் இணைத்து ஆலையை நடத்துவதற்கு வைத்த இண்டஸ்ட்ரி 4.0 என்ற பெயர் 2011இல் ஜெர்மனியின் ஹானோவர் தொழில் கண்காட்சியில் வெளியே வந்தது. அந்த நாட்டு அரசும் பெரிய கம்பெனிகளும் தங்கள் ஆலைகளை மனதில் வைத்துப் போட்ட திட்டம். அது ஊர் ஊராகச் சுற்றி இன்றைக்கு உங்கள் ஆடிட்டர் கையில் இருக்கிற படிவத்தில் ஒரு வரியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கொஞ்சம் கிளறிக் கேளுங்கள். பெரும்பாலும் டிரேசபிலிட்டிதான் வெளியே வரும்: நாளைக்கு ஒரு பாகம் வண்டியில் உடைந்தால் அது எந்த ராடில், எந்த மெஷினில், எந்த ஷிஃப்டில் கடைந்தது என்று நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கு ஆறு லட்சம் வேண்டாம். ராடு எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பரை டப்பாவில் ஒட்டி, வேலைச் சீட்டான ஜாப் கார்டில் ஏற்றி, எக்செல்லில் ஒழுங்காகப் போட்டு வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, அந்த சாஃப்ட்வேர்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த டிவியைப் பார்த்துவிட்டு நாளைக் காலையில் நான் எதை மாற்றுவேன்?" அவர் பதில் சொல்லத் திணறுவார், ஏனென்றால் அந்தப் பதில் அவரிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும். அதிகமாக ஓடுகிற மெஷின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர ஷிஃப்ட் என்றால் 480 நிமிடம். சாப்பாடு, டீ 30 போக 450. அதில் மெஷின் 90 நிமிடம் சும்மா நின்றது என்று வையுங்கள், ஓடியது 360, அதாவது 80 சதவீதம். பாகம் ஒன்றுக்கு 3 நிமிடம் என்றால் 120 வந்திருக்க வேண்டும், வந்தது 102. அது 85 சதவீதம். அதிலும் நாலு ரிஜெக்ட், நல்லது 98, அது 96 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 65 சதவீதம் சொச்சம். இதைத்தான் ஓஇஇ, அதாவது மெஷினின் மொத்தப் பயன் சதவீதம், என்கிறார்கள். ஜப்பானில் டிபிஎம் என்கிற மெஷின் பராமரிப்பு முறையை வகுத்த செய்ச்சி நகாஜிமா கொடுத்த கணக்கு, 85 என்பது அவர் வைத்த இலக்கு. நம்ம ஊரில் 85 என்று காட்டுகிற போர்டுகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பல இடங்களில், அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார் செய்கிற செட்டிங் நேரத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

சரி, 65 என்று தெரிந்தது. இப்போது அந்த 90 நிமிடம் எங்கே போனது? சென்சார் '11.10க்கு நின்றது, 11.42க்கு ஓடியது' என்று மட்டும் சொல்லும். ஏன் நின்றது என்று ஆள்தான் சொல்ல வேண்டும். ராடு வரவில்லை, வெட்டுகிற முனையான இன்சர்ட் தேய்ந்துவிட்டது, துளையை அளக்கிற போர் கேஜ் பக்கத்து மெஷினுக்குப் போயிருக்கிறது, முதல் பீஸைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டிய கியூசி ஆள் டெஸ்பாட்ச்சில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடைசிக் காரணம் எத்தனை பட்டறைகளில் முதலிடத்தில் இருக்கிறது தெரியுமா? கேஜுக்கும் இதற்கும் தீர்வு இன்னொரு கேஜும், கியூசி மேஜையை நாலு அடி இந்தப் பக்கம் நகர்த்துவதும்தான்.

இதெல்லாம் செய்த பிறகும், மெஷின் எட்டையும் நோட்டில் எழுதி மாளவில்லை என்கிற நிலை வரும். அப்போது வாங்குங்கள். இரண்டு மெஷினில் மட்டும் மூன்று மாதம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மெஷினை இயக்குகிற கன்ட்ரோலரிலேயே நெட் ஒயர் செருகும் ஈதர்நெட் போர்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போதைய ஃபானுக், சீமென்ஸ் கன்ட்ரோலர்கள் பலவற்றில் இருக்கும், தனிப் பெட்டி மாட்ட வேண்டி வராது. நின்றதற்கான காரணப் பட்டன்கள் ஏழுக்கு மேல் வேண்டாம், 'மற்றவை' என்று ஒன்று வைக்கவே கூடாது. வைத்தால் எல்லோரும் அதைத்தான் அமுக்குவார்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியது: சந்தா கட்டாமல் விட்டாலும் அதுவரை சேர்ந்த டேட்டா முழுவதையும் எக்செல்லாக எடுத்துக்கொள்ளும் உரிமை. இதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

திருமங்கலம் பக்கம் ஒரு கம்பெனியில் பதினொரு வருடமாக சிஎன்சி ஆபரேட்டர். போன மாதம் ஒவ்வொரு மெஷின் மேலும் பச்சை, சிவப்பு விளக்கு மாட்டியிருக்கிறார்கள். சிவப்பு எரிந்தால் சூப்பர்வைசர் ஓடி வந்து "என்னண்ணே, என்னாச்சு" என்று நிற்கிறார். எங்களை வேவு பார்க்கத்தானே இது? எங்கள் வேலை போகுமா?

இரண்டு கேள்விக்கும் மழுப்பாமல் பதில் சொல்கிறேன்.

விளக்கு மெஷினைத்தான் பார்க்கிறது. ஆனால் அதை ஆளின் பெயரோடு சேர்த்து மாதக் கடைசியில் பட்டியல் போட்டால் அது வேவுதான், வேறு பெயர் கிடையாது. முதலாளிமார்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன்: பட்டியல் போட்ட அன்றைக்கே உங்கள் டேட்டா செத்துவிடும். எப்படி என்றால், மெஷினில் ஃபீட் ஓவர்ரைடு என்று ஒரு திருகு இருக்கிறது. அதை 100இல் இருந்து 70க்குத் திருப்பினால் மெஷின் நிற்காது, மெதுவாக ஓடும், விளக்கு பச்சையாகவே எரியும். ஷிஃப்ட் முழுக்கப் பச்சை, உருப்படி மட்டும் குறைவு. இதை எந்த ஆபரேட்டருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. விலை மலிவான இன்சர்ட் வாங்கிக் கொடுத்துவிட்டால், உடையாமல் இருக்க ஆபரேட்டர் நியாயமாகவே ஃபீடைக் குறைப்பார். அதற்கும் இதற்கும் வித்தியாசம் விளக்குக்குத் தெரியாது, பக்கத்தில் நின்று கேட்கிறவருக்குத்தான் தெரியும்.

வேலை விஷயம். சகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறி 1924இல் வந்தது, நூல் அறுந்தால் தானாக நிற்கும். அதனால் ஒருவரே ஏகப்பட்ட தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. துணி கெடாமல் தப்பியது உண்மை, தறிக்கு ஒரு ஆள் வேண்டாமல் போனதும் உண்மை. இங்கேயும் அப்படித்தான் நடக்கும். உற்பத்தி எண்ணிக்கையை எழுதுவது, ரிப்போர்ட் தயாரிப்பது, கண்ணால் பார்த்துப் பொறுக்கிப் பிரிப்பது, இந்த வேலைகள் குறையும். செட்டிங் போடத் தெரிந்தவர், டூல் தேய்ந்தால் அளவை (ஆஃப்செட்) திருத்தத் தெரிந்தவர், சத்தத்தை வைத்து டூல் போகப்போகிறது என்று சொல்கிறவர் இவர்களுக்குக் கிராக்கி கூடும். பதினொரு வருட அனுபவத்தில் நீங்கள் இரண்டாவது கூட்டத்தில்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இப்போதே அந்தப் பக்கம் நகருங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து ரோபோ, சிஎன்சி, ஐஓடி (மெஷின்களை நெட்டில் இணைப்பது) எல்லாம் கற்றுத்தர புது மையங்கள் கட்டியிருக்கிறார்கள். அங்கே குறுகிய காலப் பயிற்சி நடக்கிறதா என்று, புதூர் அரசு ஐடிஐயில் ஆரம்பித்து நேரில் போய் விசாரியுங்கள்.

புதூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் மோல்டிங் செய்கிறோம். ஹைட்ராலிக் பிரஸ் நாலும் அப்பா காலத்தவை. இதில் சென்சார் வைக்க முடியாது, புது மெஷின் வாங்கினால்தான் உண்டு என்கிறார் ஒருவர். உண்மையா?

புது மெஷின் விற்கிறவரா அவர்? பழைய பிரஸ்ஸில் தாராளமாக வைக்கலாம்.

உங்கள் தொழிலில் காசு போகிற இடம், ரப்பரைச் சூட்டில் வேகவைத்து இறுக்குகிற கியூரிங்தான். ரப்பரில் வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று ஒரு கணக்கு உண்டு, தோராயமானதுதான், ஆனால் உதவும். அப்படியென்றால் மோல்டைச் சூடாக்குகிற தட்டான பிளாட்டனில் ஒரு ஹீட்டர் எரியாமல் அந்த மூலை 10 டிகிரி இறங்கினால், அங்கே இருக்கிற மோல்டுக் குழியில் (கேவிட்டி) சரக்கு பாதி வேகத்தில்தான் வேகும். பீஸ் பார்க்க நன்றாக இருக்கும், வாங்கினவர் பொருத்திய பிறகு பல் இளிக்கும். இந்த மாதிரி ரிஜெக்‌ஷனுக்கு ஆபரேட்டரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

பேனலைத் திறந்து டெம்பரேச்சர் கன்ட்ரோலரின் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் டேட்டா எடுக்க ஆர்எஸ்-485 என்று இரண்டு டெர்மினல் ஒயர் எதுவும் மாட்டாமல் சும்மா இருக்கும். மோட்பஸ் என்ற பாஷையில் அது பேசும். 1979இல் வந்த பாஷை, இன்றைக்கும் தொழிற்சாலையில் பல சாமான்கள் அதில்தான் பேசுகின்றன. நாலு கன்ட்ரோலரையும் ஒரே ஜோடி ஒயரில் கோத்து ஒரு கம்ப்யூட்டருக்குக் கொண்டு வரலாம். உங்களுடையதில் அந்த டெர்மினல் இல்லையென்றால் கன்ட்ரோலரை மட்டும் மாற்றுங்கள், சில ஆயிரம் ரூபாயில் முடியும். பிரஸ் எத்தனை முறை மூடித் திறந்தது, எவ்வளவு நேரம் மூடியிருந்தது என்று பார்க்க, பிரஸ் வந்து தொட்டால் அமுங்குகிற ஒரு லிமிட் ஸ்விட்ச் போதும். பம்ப் மோட்டார் ஒயரைச் சுற்றி ஒரு சிடி காயில் மாட்டினால் மோட்டார் இழுக்கிற கரன்ட் தெரியும், ஒயரை அறுக்க வேண்டியதில்லை.

எலக்ட்ரீஷியனிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று. சிக்னல் ஒயரை மோட்டார், டிரைவ் ஒயரோடு ஒரே கட்டாகக் கட்டினால் ரீடிங் தாறுமாறாகக் குதிக்கும். ஷீல்டு போட்ட ஒயர் வாங்கித் தனி வழியில் இழுக்கச் சொல்லுங்கள். அப்புறம், கன்ட்ரோலர் காட்டுவது பிளாட்டன் சூடு, மோல்டு சூடு வேறு. திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனால் மோல்டு ஆறிவிடும், கன்ட்ரோலருக்கு அது தெரியாது. வாரம் ஒரு தடவை கையடக்க மீட்டரால் மோல்டின் நாலு மூலையையும் நடுவையும் தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். இந்த வேலைக்கு இன்னும் நல்ல மாற்று வரவில்லை.

மேலூர் ரோட்டில் உள்ள நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். எல்லா மெஷினுக்கும் எனர்ஜி மீட்டர் மாட்ட முதலாளியிடம் பணம் கேட்டிருக்கிறேன். "மாட்டினால் கரன்ட் பில் குறையுமா" என்கிறார்.

மீட்டர் மாட்டினால் பில் குறையாது. முதலாளி கேட்டது நியாயமான கேள்வி.

அவரிடம் பணம் கேட்கும் முன் காசில்லாமல் ஒரு சோதனை செய்து, அந்தத் தாளோடு போங்கள். ஆலை நிற்கிற நாளில் எல்லா மெஷினும் ஆஃப். கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். யாருமே காற்று எடுக்கவில்லை, ஆனாலும் அது லோடு ஆகும் (காற்றை அழுத்தும்), அன்லோடு ஆகும் (அழுத்தாமல் சும்மா சுற்றும்). ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டு நேரத்தையும் குறியுங்கள். லோடில் ஒன்றரை நிமிடம், அன்லோடில் மூன்றரை நிமிடம் என்றால் ஐந்தில் ஒன்றரை, அதாவது கம்ப்ரஸர் தருகிற காற்றில் 30 சதவீதம் கசிவிலேயே போகிறது. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் அதற்கே ஏறக்குறைய 3 கிலோவாட்டுக்கு மேல் மோட்டார் உழைக்க வேண்டும். இராப்பகலாக ஓடுகிற ஆலையில் அது மாதம் 2,000 யூனிட்டைத் தாண்டும். கிளாம்பும் ஹோஸும் மாற்றி அடுத்த மாதம் திரும்பச் செய்து காட்டுங்கள், அந்த மிச்சத்திலேயே மீட்டர் வாங்கிவிடலாம்.

மீட்டர் எங்கே முதலில்? கம்ப்ரஸர், ஈரப்பதம் காக்கிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட், ஆலைக்குக் கரன்ட் வருகிற மெயின் இன்கமர் மூன்றில். ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்பில், இழுத்த உச்ச அளவுக்கான டிமாண்ட் சார்ஜ் தனியாக வருகிறது அல்லவா, அது ஒரு நொடி உச்சத்தைப் பார்த்து வருவதில்லை, சில நிமிடச் சராசரியைப் பார்த்து வருகிறது. அந்தச் சராசரி எந்த நேரத்தில் ஏறுகிறது என்று மெயின் மீட்டரில் தெரிந்துவிட்டால், அந்த நேரத்தில் எதைப் பத்து நிமிடம் தள்ளிப் போடலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். நூல் நூற்கிற ரிங் ஃபிரேம் ஒவ்வொன்றுக்கும் மீட்டர் என்பது அடுத்த வருடக் கதை.

நாங்கள் ஜெய்ஹிந்துபுரத்தில் வீட்டோடு அப்பளம் போடுகிறோம். பெண்கள் எட்டுப் பேர். எங்களைப் போன்றவர்களுக்கும் இதில் ஏதாவது உண்டா, அல்லது பெரிய கம்பெனிக்கு மட்டுமா?

உண்டும்மா, கொஞ்சம்தான். மாவு பிசைகிற பக்குவம் கையில் இருக்கிறது, அதில் எந்தக் கருவியும் இப்போதைக்குத் தலையிட வேண்டாம். உங்களுக்குப் பிரச்சினை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாமல் பூஞ்சை பிடிப்பதும், அதிகம் காய்ந்து பாக்கெட்டில் நொறுங்குவதும். வெப்பமும் ஈரப்பதமும் காட்டுகிற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிக் காயவைக்கிற இடத்தில் மாட்டுங்கள், சில நூறு ரூபாய்தான். தினமும் அந்த எண், எத்தனை மணி நேரம் காய்ந்தது, எத்தனை நொறுங்கியது, மூன்றையும் காலண்டர் தாளிலேயே எழுதுங்கள். ஒரு மழைக்காலம் போனால் எந்த ஈரப்பதத்தில் அன்றைக்கு மாவே பிசையக் கூடாது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பாக்கெட்டில் பேட்ச் நம்பரும் தேதியும் தவறாமல் போடுங்கள், கடைக்காரர் திருப்பி அனுப்பினால் எந்த நாள் சரக்கு என்று பார்க்க முடியும். ஆப், ஈஆர்பி (கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்) என்று யாராவது வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் மெஷினும் நிற்குமா? நெட்டில் இணைக்கவே பயமாக இருக்கிறது. – உரங்கான்பட்டி

நிற்கும். உலகத்திலேயே பெரிய சிப் உற்பத்தியாளர்களில் ஒன்றான தைவானின் டிஎஸ்எம்சி 2018 ஆகஸ்ட்டில் நின்றது. புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் சோதிக்காமல் நெட்வொர்க்கில் மாட்டினார்கள், வான்னாகிரை வகை வைரஸ் ஆலை ஆலையாகப் பரவியது. அவர்களுக்கே அந்தக் கதி.

அதற்காக இணைக்காமல் இருக்க வேண்டியதில்லை, பிரித்து இணையுங்கள். மெஷின்களுக்கு ஒரு நெட்வொர்க், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் வைஃபைக்கும் வேறு. சர்வீஸ் இன்ஜினியர் கொண்டுவருகிற பென்டிரைவை நேரே மெஷினில் செருக விடாதீர்கள். அவர் தூரத்தில் இருந்து பார்க்கப் போட்டுவிட்டுப் போன ரிமோட் சாஃப்ட்வேர் வேலை முடிந்ததும் அணைந்திருக்க வேண்டும். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோடும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, அந்தக் கம்ப்யூட்டர்களை வெளி நெட்டில் விட வேண்டாம்.

வைரஸ் இல்லாமலே வருகிற ஆபத்தும் இருக்கிறது. பல பழைய சிஎன்சிகளில் மெஷினின் அமைப்பு எண்களான பாராமீட்டரெல்லாம் ஒரு சின்ன பேட்டரியின் தயவில்தான் நிற்கின்றன. பேட்டரி அலாரம் வந்தும் கண்டுகொள்ளாமல், நீண்ட லீவுக்கு மெயினை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மெஷின் எல்லாவற்றையும் மறந்திருக்கும். பாராமீட்டர், புரோகிராம், பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்துகிற சின்னக் கம்ப்யூட்டர்) லாஜிக் மூன்றையும் காப்பி எடுத்து, எதிலும் இணைக்காத ஒரு டிஸ்க்கில் பீரோவில் வையுங்கள். பேட்டரியை மாற்றும்போது மெஷின் ஆனில் இருக்கட்டும்.

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், திருப்பரங்குன்றம். என்ன கற்றுக்கொண்டால் இந்தத் துறையில் வேலை கிடைக்கும்?

பிஎல்சி லேடர் லாஜிக், கொஞ்சம் பைத்தான், சேர்த்து வைத்த டேட்டாவைத் தேடி எடுக்க எஸ்க்யூஎல், மெஷின்கள் பேசுகிற பாஷைகளான மோட்பஸ், எம்க்யூடிடி. இதற்கெல்லாம் இணையத்தில் இலவசமாகவே பாடம் கிடைக்கிறது. கிடைக்காதது லீவில் ஒரு பட்டறையில் போய் ஷிஃப்ட் முழுக்க நின்று, ஏன் மெஷின் நிற்கிறது என்று எழுதுவது. இன்டர்வியூவில் அந்த நோட்டைக் காட்டினால் புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் புரட்டக்கூட மாட்டார்கள்.

இதற்கெல்லாம் அரசு மானியம் உண்டா? எங்கே கேட்பது? – வாடிப்பட்டி

இருக்கிறது, ஆனால் மானியத்தைப் பார்த்து மெஷின் தேடாதீர்கள். குறையில்லாத, சூழலைக் கெடுக்காத உற்பத்திக்கான ஒன்றிய அரசின் ஜெட் சான்றிதழ்த் திட்டம் 2022இல் புது வடிவில் வந்தது. பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்று மூன்று படி, கட்டணம் 10,000, 40,000, 90,000. அதில் குறு நிறுவனத்துக்கு 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தரத்துக்கு 50 சதவீதம் அரசே ஏற்கிறது. பிரான்ஸில் ஆரம்பியுங்கள். தரம், பாதுகாப்பு, பதிவேடு எல்லாம் ஒழுங்கானால் முதல் பதிலில் சொன்ன ஆடிட்டர் தொல்லை பாதி தீரும். வீணாவதைக் குறைக்க 2023இல் வந்த லீன் திட்டத்தில் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் வரை அரசுப் பங்கு. இரண்டுக்கும், சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு வேண்டும். மாவட்டத் தொழில் மையத்திலும் மதுரை சிறுதொழில் சங்கமான மடீட்சியாவிலும் விசாரித்தால் இப்போது எந்த விண்ணப்பம் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. "நாங்களே போட்டுத் தருகிறோம், மூவாயிரம் ஆகும்" என்று வருகிறவர்களிடம் ஆதார், பான் எதையும் கொடுக்காதீர்கள்.